திண்டிவனம் துணைத்தேற்றத்தில் இருந்த ஓட்டை

திண்டிவனம் துணைத்தேற்றம் தப்பு. அதை எழுதியவள் நான்.

ஆய்வுக்குப் புதிதாகப் பதிவு செய்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி உங்கள் துறையிலிருந்து கேட்டார்கள். "நல்லதா நாலு விஷயம் எழுதுங்க மேடம்" என்றார்கள். நல்லதாக நாலு விஷயம் யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். தர்க்கவியலில் ஆயுசில் பாதியைப் போக்கிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். எனக்கு இப்போது மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை எதுவும் இல்லை. அதனால் ஒரு புதன்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். அன்று என் மாணவி ஒருத்தியின் வேலை போக இருந்தது. போயிருந்தால் அதற்கு முழுக் காரணம் நானாகத்தான் இருந்திருப்பேன். அவளை இங்கே மேரி என்று கூப்பிடுகிறேன். அவள் பெயர் அதுவல்ல.

முதலில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் மேல்சித்தாமூர்ச் சமணக் குடும்பம். அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டோம். அந்தப் பழக்கம் இன்றுவரை என்னை விடவில்லை. படித்து முடித்துத் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். பெரிய தேற்றங்களை நிரூபிக்கப் படிக்கல்லாக உதவும் ஒரு சின்ன முடிவை, அதாவது துணைத்தேற்றத்தை, கட்டுரையாக எழுதி அங்கே இருந்துதான் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். முகவரியில் ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாக அச்சாகியிருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் கட்டுரையில் அதைத் 'திண்டிவனம் துணைத்தேற்றம்' என்று எழுதினார். பிறகு எல்லோரும் அப்படியே எழுதினார்கள். அதன்மேல் ஆளாளுக்கு மாடி கட்டினார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதெல்லாம், பலகையில் இருக்கும் பெயரைப் பார்த்து எனக்குள் ஒரு இளிப்பு வரும். கர்வம்தான், வேறென்ன.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் பெயரை நான் எழுதப் போவதில்லை, அவருக்குப் பிடிக்காது. நிரூபணத்தை நின்றுகொண்டு உரக்கப் படிக்கச் சொல்வார். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி தானாக வராத இடத்தில் பேனாவால் மேசையைத் தட்டுவார். தட்டுவதோடு சரி, காரணம் சொல்லமாட்டார். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் முழுக்கப் போகும். ஆத்திரத்தில் ஒருமுறை நோட்டைத் தூக்கி எறிந்திருக்கிறேன். "பொறுக்கிட்டு வா, ரெண்டாவது வரிலேர்ந்து படி" என்றார். அவர் காலமாகி மூன்று வருடம் கழித்துத்தான் நான் அந்தத் துணைத்தேற்றத்தை எழுதினேன். யாருக்கும் உரக்கப் படித்துக் காட்டவில்லை. நமக்கென்ன இன்னும் பேனா தட்டல் என்று நினைத்துவிட்டேன்.

இனி அந்தத் தப்பு. கணக்கு தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். என் வீட்டு மாடுகள் எல்லாம் ஒரு வேளைக்கு இருபது லிட்டர் கறக்கும் என்று நான் சொன்னால், தர்க்கப்படி அது பொய்யாகாது. ஏனென்றால் என் வீட்டில் மாடே இல்லை. பொய்யென்று காட்ட வேண்டுமானால், குறைவாகக் கறக்கும் மாடு ஒன்றை நீங்கள் என் கொட்டகையிலிருந்து பிடித்து வர வேண்டும். எங்கே போய்ப் பிடிப்பீர்கள்? இதில் தப்பில்லை. ஆனால் அடுத்த வரியில், 'அந்த மாடுகளில் சிறியதை ஓட்டி வருவோம்' என்று எழுதினால்? அதைத்தான் நான் செய்திருந்தேன்.

இது எங்கள் தொழிலில் இருப்பவர்கள்தான் செய்யக்கூடிய தப்பு. பேசத் தொடங்கும்போதே, பேசப்படும் கூட்டம் வெறுமையாக இருக்காது என்று நாங்கள் வைத்துக்கொள்கிறோம். பாடநூலின் ஆரம்பத்திலேயே அந்த ஏற்பாடு இருக்கும். வருடக்கணக்கில் அதிலேயே புழங்கினால், கதவைத் திறந்தால் உள்ளே யாராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கை எலும்பில் ஏறிவிடும். ஆனால் அந்தப் பெரிய கூட்டத்திலிருந்து நாமே நிபந்தனை போட்டுப் பொறுக்கும் சிறு கூட்டத்துக்கு அந்த ஏற்பாடு செல்லாது. அங்கே ஒன்றாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. என்னை மேற்கோள் காட்டியவர்களும் பார்க்கவில்லை.

மேரி வளவனூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டே என்னிடம் ஆய்வு செய்தாள். எனக்குக் கடைசி மாணவி. அவளுக்கு ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்குத் தேர்வாகியிருந்தது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் தேர்ச்சி என்று கையெழுத்தான அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு அந்த வேலை போய்விடும். வைவா புதன்கிழமை பதினொரு மணிக்கு விழுப்புரத்தில். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க என் துணைத்தேற்றத்தின் மேல் நின்றது.

அன்று காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். சொந்தக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கும் ஓரளவு புரியட்டும் என்று, என் துணைத்தேற்றத்துக்குச் சின்னதாக ஒரு உதாரணம் போட்டுக் கொடுக்க நினைத்தேன். மூன்றே புள்ளிகள் கொண்ட உதாரணம். நிபந்தனைக்கு உட்பட்டவற்றைப் பொறுக்கினேன். ஒன்றும் தேறவில்லை. கூட்டல் கழித்தலில் எங்கோ கோட்டை விட்டிருப்பேன் என்று மறுபடி போட்டேன். மறுபடியும் ஒன்றும் தேறவில்லை. 'இவற்றுள் சிறியதை எடுத்துக்கொள்வோம்' என்ற என் சொந்த வரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதை எடுப்பது?

ஒரு மணி நேரம் ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். முடியவில்லை. மேரிக்குப் போன் அடித்தேன்.

"பஸ்ல வந்துக்கினு இருக்கேன் மேடம். அம்மா அப்பா கூட இருக்காங்க. இன்னா மேடம்?"

"ஒன்னுமில்ல. வா, நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன். பஸ்ஸில் பெற்றவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளிடம் எப்படிச் சொல்வது?

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனேன். மூன்று வழி இருந்தது. ஒன்று, வாயை மூடிக்கொள்வது. வெளியிலிருந்து வரும் தேர்வாளரே என் துணைத்தேற்றத்தை வைத்து இரண்டு கட்டுரை எழுதியவர், அவர் கேட்கமாட்டார். இரண்டு, மேரியிடம் மட்டும் சொல்வது. அப்படிச் சொன்னால் என் பாரத்தை அவள் தலையில் இறக்கிவிட்டு நான் நல்லவள் ஆகிவிடுவேன். மூன்று, தேர்வாளரிடம் முன்கூட்டியே சொல்வது. வைவா அங்கேயே நிற்கும், வெள்ளிக்கிழமை தாண்டும், அவள் வேலை போகும்.

உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. முதல் வழிதான் எனக்கு இனித்தது. மேரிக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மறு பாதி, பஸ் ஸ்டாண்டு பலகையைப் பார்த்து வரும் அந்த இளிப்பு.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் நீளமாக நின்றுவிட்டன. முன் சீட்டுக்காரர் கண்டக்டரிடம், "இன்னா சார் இது, ஒரே பேஜாரு. ஜல்தியா எடுக்கச் சொல்லுங்க" என்று கத்தினார். "அப்படியே தூக்கிக்கினு போவச் சொல்றியா?" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், துறை அறையில், மேரி நோட்டோடு வந்து நின்றாள். "மேடம், அந்தக் கூட்டத்துல ஒன்னுமே இல்லாம இருந்தா?" என்று கேட்டாள். நான் விடைத்தாள் கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "கூட்டம் வெறுமையா இருக்காதுன்னு மொத வருஷமே படிக்கல? போய் மொத சாப்டர்லேர்ந்து படி" என்றேன். அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் எப்படியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பத்து நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே நின்றிருந்தாள். புதுப் புடவை. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பொண்ணு உங்களாலதான் மேடம்" என்றார். கையை உருவிக்கொள்ளத் தோன்றியது. மேரியை மாடிப்படிக்குக் கூட்டிப் போனேன்.

"துணைத்தேற்றத்துல ஓட்டை இருக்கு மேரி. அந்தக் கூட்டம் வெறுமையா இருக்கலாம். காலையிலதான் பாத்தேன்."

அவள் அதிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும் மேடம்."

"எப்பலேர்ந்து?"

"உங்கள வந்து கேட்டேனே, அதுக்கு மொத நாள்லேர்ந்து."

"அப்ப மூணாவது அத்தியாயம்?"

"நம்ம கேஸ்ல மட்டும் அது வெறுமையா இல்லன்னு தனியா நிரூபிச்சி எட்டு பக்கம் எழுதினேன் மேடம். ஒங்க பேரு கெடாத மாதிரி, எச்சரிக்கைக்காகன்னு போட்டிருந்தேன். நீங்க குறுக்கால சிவப்பு மையில 'தேவையில்லை'ன்னு எழுதி அடிச்சிட்டீங்க. எடுத்துட்டேன்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆய்வேட்டில் முன்பு ஓட்டை இல்லை. ஓட்டையை வைத்தது என் சிவப்புப் பேனா. எட்டுப் பக்கத்தை ஒரு வரிகூடப் படிக்காமல், என் வரிக்கு எச்சரிக்கை எதற்கு என்ற எரிச்சலில் அடித்திருக்கிறேன்.

"அந்தப் பக்கம்லாம் எங்க?"

பையைத் திறந்து பைலை எடுத்தாள். "யாராச்சும் கேட்டா காட்டலாம்னு எடுத்தாந்தேன். ஜெராக்ஸும் இருக்கு." முதல் பக்கத்தில் என் கையெழுத்து குறுக்கே ஓடியிருந்தது.

"நான் உள்ள சொல்லிடறேன்" என்றேன்.

அவள் குரல் தாழ்ந்தது. "வேணாம் மேடம். வெள்ளிக்கிழமை வரைக்கும் சும்மா இருங்க. உங்கள கும்பிட்டுக் கேக்கறேன். அந்த சாரே ஒங்க துணைத்தேற்றத்த நம்பி எழுதியிருக்காரு. அவரு மூஞ்சி மேல அடிச்சா கையெழுத்துப் போடுவாரா? எங்கப்பா மூணு வருஷமா எனுக்கு வேலை வரும் வேலை வரும்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு."

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் தேர்ச்சின்னு நான் எப்படி மேரி கையெழுத்துப் போடறது?"

"தெரியாம நெறய கையெழுத்துப் போட்டீங்களே" என்றாள்.

அந்த அடி எனக்கு வேண்டியதுதான். பதினைந்து நிமிடம் இருந்தது. படியில் உட்கார்ந்து, உதட்டை அசைத்து, வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் என் விரலே படியைத் தட்டியது. ஐந்து பக்கம் கெட்டியாக இருந்தது. ஆறாம் பக்கத்தின் நடுவில் இருக்கும்போது உதவியாளர் வந்து, "மேடம், எல்லாரும் ஒக்காந்துட்டாங்க" என்றார். மீதியைப் படிக்காமலேயே உள்ளே போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று முடிவு செய்யவும் இல்லை.

மேரி நன்றாகத்தான் பேசினாள். மூன்றாம் அத்தியாயம் வந்தபோது குரல் ஒரு கணம் இறங்கி மறுபடி ஏறியது. தேர்வாளர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நாலு கேள்வி கேட்டார், நாலும் சுலபமானவை. "பொதுமக்கள்ல யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். யாருக்கும் இல்லை. அவர் பேனா மூடியைத் திறந்தார். இன்னும் அரை நிமிடம் நான் சும்மா இருந்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

எழுந்து நின்றேன். வழிகாட்டி கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. அறை திரும்பிப் பார்த்தது.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு. மூணாவது அத்தியாயத்துல, சிறியதை எடுத்துக்கொள்வோம்னு வருதே, அந்தக் கூட்டத்துல ஒன்னுமே இல்லாம இருந்தா? இந்தக் கேள்விய ரெண்டு வருஷத்துக்கு முன்னால இவங்கதான் என்கிட்ட கேட்டாங்க. நான் பதில் சொல்லாம அவமானப்படுத்தி அனுப்பிட்டேன். துணைத்தேற்றம் தப்பு சார். எழுதினது நான். இவங்க அதச் சரிபண்ணி எட்டு பக்கம் எழுதினாங்க, அதையும் நான்தான் அடிச்சேன். இப்ப பதில் சொல்லச் சொல்றேன்."

மேரி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோபமும் பயமும் ஒன்றாக இருந்தன. தேர்வாளரின் முகம் இறுகிவிட்டது. "இது என்ன மேடம், வைவாவா வேற எதாவதா?" என்றார். நான் உட்காரவில்லை.

மேரி கரும்பலகைக்குத் திரும்பினாள். சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. மூன்று புள்ளி போட்டு, கூட்டம் எப்படி வெறுமையாகிறது என்று முதலில் காட்டினாள். நான் காலையில் மேசையில் போட்ட அதே மூன்று புள்ளிகள்! பிறகு தன் அத்தியாயத்துக்கு அது ஏன் வெறுமையாகாது என்று எழுத ஆரம்பித்தாள். தேர்வாளர் கையை நீட்டி ஜெராக்ஸை வாங்கிக்கொண்டார். அவள் பலகையில் எழுத, அவர் தாளில் தொடர்ந்தார். ஆறாம் பக்கத்தில் அவர், "நில்லுங்க. இது எப்படி வந்துது?" என்றார். நான் படிக்காமல் விட்ட இடம் அது. மேரி பலகையில் எழுதியதை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். பின்னால் அவள் அம்மா யாரிடமோ, "இன்னா ஆச்சி? பாஸா இல்லியா?" என்று கேட்பது எல்லோருக்கும் கேட்டது.

"ரெண்டாவது பக்கத்துல இருக்கற நிபந்தனையிலேர்ந்து சார்" என்று சொல்லி, மேரி நடுவில் விட்டுப்போன ஒரு வரியை எழுதிச் சேர்த்தாள். அவர் அந்த வரியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் ரெண்டு கட்டுரையும் போச்சு மேடம்" என்றார் என்னிடம். பிறகு மேரியிடம், "இந்த எட்டு பக்கத்தையும் சேத்துடுங்க. அந்த ஒரு வரியையும்தான்" என்றார். திருத்தத்தோடு தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாளே பக்கங்களைச் சேர்த்து, அவை சேர்ந்துவிட்டன என்று நானும் கையெழுத்திட்டேன். இந்த முறை எட்டுப் பக்கத்தையும் உரக்கப் படித்த பிறகு. வெள்ளிக்கிழமை காலை மேரி அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு, நேர்மை ஜெயித்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அந்தத் தேர்வாளர் சின்னப் புத்திக்காரராக இருந்திருந்தால்? ஆறாம் பக்கம் ஓட்டையாக இருந்திருந்தால்? முழுக்கப் படிக்காத ஒன்றின்மேல், என் மனசாட்சிக்காக, அவள் வேண்டாமென்று கும்பிட்ட பிறகும், அவள் வேலையைப் பணயம் வைத்தேன். சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த மத்தியானமே சொல்லியிருக்க வேண்டும். நிதானமாக யோசிக்க வேண்டிய நேரத்தில் யோசிக்காதவர்களுக்குத்தான் இப்படி அரை நிமிடத்தில் முடிவெடுக்கும் கதி வருகிறது.

மேரியும் என்னை லேசில் விடவில்லை. வைவா முடிந்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டபோது நான் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பசியில்லை. சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு அவள் வந்து ஒரு பொட்டலத்தை முன்னால் வைத்தாள். கிழங்கு போடாத சாம்பார் சாதம், எனக்காகவே சொல்லிச் செய்தது.

"என் வேலைய வச்சி ரிஸ்க் எடுத்தீங்க மேடம். இத நான் மறக்கமாட்டேன்" என்றாள். பொட்டலத்தைப் பிரித்தாள். "பொழுது சாயப் போவுது. சாப்டுங்க."

சாப்பிட்டேன். கண்ணீர் சோற்றில் விழுந்தது, அதையும் சேர்த்துத்தான்.

பிறகு பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். துணைத்தேற்றத்தை நம்பியிருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகக் கடிதம் போட்டேன். சிலருடைய வேலை மேரியின் நிபந்தனையைச் சேர்த்ததும் பிழைத்தது, சிலருடையது விழுந்தது. ஒருவர் இன்றுவரை பதில் போடவில்லை. பஸ் ஸ்டாண்டு பலகையைப் பார்த்தால் இப்போது இளிப்பு வருவதில்லை.

அந்தச் சிவப்பு மைப் பக்கத்தை என்னிடம் கொடுத்துவிடும்படி ஒருமுறை மேரியிடம் கேட்டேன். கிழித்துப் போடத்தான். ஜெராக்ஸை நீட்டினாள். "ஒரிஜினல் என்கிட்டயே இருக்கட்டும் மேடம். நாளைக்கு என்கிட்ட யாராச்சும் வந்து கேள்வி கேப்பாங்க இல்ல? அப்ப நான் பாத்துக்கறதுக்கு" என்றாள்.

உங்கள் வழிகாட்டியின் மேசையில், கண்ணாடிக்கு அடியில், ஒரு பழைய பக்கம் இருக்கிறது. அதன் குறுக்கே சிவப்பு மையில் 'தேவையில்லை' என்று எழுதியிருக்கும். நீங்கள் சந்தேகம் கேட்கப் போகும்போதெல்லாம் அவர் முதலில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குப் பதில் சொல்வார், கவனித்திருப்பீர்கள். அது என் கையெழுத்து.